நாயை அவுஸ்திரேலியாவுக்குக் கொண்டு போறது: மட்டக்களப்பில இருந்து எங்க தொடங்கிற?

ஆரையம்பதியில இருந்து ஒரு தங்கச்சி கேட்டது, ஜனவரி 9

எங்களுக்கு மெல்பன் போக விசா சரிவரப் போகுது. வீட்டில 3 வயசு நாய் ஒண்டு இருக்கு, மகள் அத விட்டிட்டு வரமாட்டன் எண்டு ஒரே அழுகை. ஊசி போட்ட கார்ட் கையில இருக்கு. ஒரு ஏஜென்ட் ரெண்டு கிழமையில எல்லாம் முடிச்சுத் தாறன், எங்களோட ஒரே பிளேன்லயே வரும் எண்டு சொல்றாரு. காசு கட்டவா?

ஜனவரி 9, இரவு

கட்டாதீங்க தங்கச்சி. முதல் வேலையா அந்தக் காச கையில வைச்சிருங்க.

இலங்கையில இருந்து நாயோ பூனையோ நேரா அவுஸ்திரேலியாவுக்குப் போக ஏலாது. அவங்கட விவசாயத் திணைக்களம் நாடுகளப் பிரிச்சு வைச்சிருக்கு. நியூசிலாந்து மாதிரி ஒண்டு ரெண்டு இடம் முதல் பிரிவு, விசர்நாய் நோய் இல்லாத நாடுகள் அடுத்தது, நோய் இருந்தாலும் நல்லாக் கட்டுப்பாட்டில வைச்சிருக்கிற நாடுகள் மூண்டாவது. இந்த மூண்டிலயும் இல்லாதது அங்கீகரிக்காத நாடு. நாங்க அதுக்குள்ளதான் கிடக்கிறம், இந்தியாவும் அப்பிடித்தான். எங்கட நாய் முதல்ல அங்கீகரிச்ச நாடு ஒண்டுக்குப் போய், அங்க இருந்து, மிச்ச டெஸ்டுகள அங்கயே செய்து, அங்க இருந்துதான் மெல்பனுக்கு ஏறணும். சிங்கப்பூர், அமீரகம், பிரிட்டன் எல்லாம் அந்த லிஸ்டில இருக்கு.

ரெண்டு கிழமை எண்டது நடக்கிற காரியமே இல்ல. ரத்தத்தில விசர்நாய்த் தடுப்பு எவ்வளவு இருக்கெண்டு பாக்கிற டைட்டர் டெஸ்ட் ஒண்டு இருக்கு, அந்த ரத்தம் லெப்புக்குப் போய்ச் சேர்ந்த நாளில இருந்து 180 நாள் முடியாம நாய் அவுஸ்திரேலியாவில கால் வைக்கேலாது. அரை வருசம். அத எந்த ஏஜென்டாலயும் குறைக்க ஏலாது, காசு குடுத்தும் குறைக்க ஏலாது.

ஜனவரி 10

எனக்கு இது எப்பிடித் தெரியும் எண்டு கேட்டிருந்தீங்க. எங்கட அக்கா குடும்பம் மெல்பனுக்குப் போகக்குள்ள அவங்கட நாய் பிரவுணிய அனுப்பிற வேலை முழுக்க என்ர தலையிலதான் விழுந்த. அக்கா பிள்ளைகளோட முதல்லயே போயிட்டா, பிரவுணி கல்லடியில எங்கட வீட்டில நிண்டு, மறுகா டுபாயில இருக்கிற மச்சானிட்டப் போய், அங்க இருந்து போன. ஆரிட்டயும் கேட்டுத் தெரிஞ்சுகொள்ள ஆளில்ல. கொழும்பில கேட்டா ஒண்டு சொல்றாங்க, இஞ்ச கேட்டா இன்னொண்டு. அதாலதான் தெரிஞ்சத எல்லாம் இதில எழுதிப் போடுறன், கொஞ்சம் கொஞ்சமாப் போடுவன்.

ஜனவரி 10, பின்னேரம்

ஊசிக் கார்டப் பத்தி. உங்கட கார்டில மைக்ரோசிப் நம்பர் இருக்கா? இல்லாட்டி அந்தக் கார்ட் இஞ்ச கடிபட்ட நேரத்தில டொக்டருக்குக் காட்ட உதவும், வெளிநாட்டுக்கு உதவாது. வருசா வருசம் சுகாதாரப் பகுதி ஆக்கள் சந்தியில வைச்சு இலவசமாப் போடுற ஊசி நல்ல ஊசிதான், அத விடாமப் போடுங்க. ஆனா அந்தத் துண்டில நாயிட பேரும் சொந்தக்காரர்ட பேரும் மட்டும்தான் இருக்கும். எந்த நாய்க்குப் போட்ட ஊசி எண்டு ஆர் சொல்ற? மண்ணிற நாய் ஊரெல்லாம் நிக்குது.

அதால முதல் வேலை சிப். ஐஎஸ்ஓ 11784, 11785 எண்டு நம்பர் போட்ட, 15 இலக்கச் சிப்பாப் பாத்துப் போடுங்க. சிப் போட்டு, அத ஸ்கேனரால வாசிச்சு, மறுகா அண்டைக்கே அல்லது அதுக்குப் பிறகு விசர்நாய் ஊசி. ஊசி முதல், சிப் பிறகு எண்டு போச்செண்டா திரும்ப ஊசி போடச் சொல்லுவாங்க, ஐரோப்பாவும் பிரிட்டனும் அதில சரியான இறுக்கம்.

சிப் ஒரு அரிசி மணியளவு சாமான். கழுத்துக்கும் முதுகுக்கும் நடுவில தோலைத் தூக்கிப் பிடிச்சு ஊசியால இறக்கிற. பிரவுணி திரும்பிக் கூடப் பாக்கல்ல, நான்தான் கண்ணை மூடிக்கொண்டு நிண்ட.

ஜனவரி 12

சிப்பில ஒரு முக்கியமான விசயம் எழுத மறக்கக்கூடாது. நாங்க போன ஒரு கிளினிக்கில (பேர் போடமாட்டன்) சேட்டிபிக்கட்டில நம்பர எழுதக்குள்ள ரெண்டு இலக்கத்த மாறி எழுதிட்டாங்க. 15 இலக்கத்தில நடுவில கிடந்த 4ம் 7ம் இடம் மாறி. வீட்ட வந்து ஸ்டிக்கரையும் கடதாசியையும் பக்கத்தில வைச்சு விரலால ஒவ்வொண்டா தொட்டுப் பாக்கக்குள்ளதான் தெரிஞ்ச. அந்தக் கடதாசியோட ரத்தம் அனுப்பியிருந்தா ரிசல்ட் வேற நாய்க்கு வந்த மாதிரி ஆகியிருக்கும், 180 நாளும் திரும்ப முதல்ல இருந்து.

சிப் பெட்டிக்குள்ள ஒட்டுற ஸ்டிக்கர் அஞ்சாறு வரும். கையால எழுத விடாதீங்க, ஸ்டிக்கர ஒட்டி அதில டொக்டர்ட கையெழுத்தும் சீலும் வைக்கச் சொல்லுங்க. ஒவ்வொரு தரமும் ரத்தம் எடுக்க முதல், ஊசி போட முதல், ஸ்கேன் பண்ணச் சொல்லிக் கேளுங்க. சில டொக்டர்மார் "எனக்குத் தெரிஞ்ச நாய்தானே" எண்டுவாங்க. பரவாயில்ல, கேளுங்க.

ஜனவரி 13

லண்டன், கனடா கேட்ட ஆக்களுக்கு.

பிரிட்டன்: நேராப் போகலாம். சிப், ஊசி, ஊசி போட்டு 30 நாளுக்குப் பிறகு டைட்டர் ரத்தம், ரத்தம் எடுத்த நாளில இருந்து 3 மாதம் பொறுக்கணும். நாய்க்கு இறங்க முதல் 24 மணித்தியாலத்துக்கும் 120 மணித்தியாலத்துக்கும் இடையில நாடாப்புழு மருந்து. பிளேன்ல பெசஞ்சரோட இல்ல, கார்கோவாத்தான் வரும். எங்கட பெரியப்பா ஆக்கள் "அங்க 6 மாசம் கூட்டில அடைச்சு வைப்பான்" எண்டு இப்பவும் சொல்லுவாங்க. அது 2012ம் ஆண்டுக்கு முந்தின கதை, இப்ப கடதாசி சரியா இருந்தா அடைக்கிற இல்ல.

ஐரோப்பிய நாடுகளும் கிட்டத்தட்ட இதே கணக்கு, அதே 3 மாதம். சுவிஸுக்கு பிளேன்ல நேராப் போறதெண்டா முன்கூட்டியே அவங்கட அனுமதி எடுக்கணும்.

கனடா: சொந்த வளர்ப்பு நாய் வளந்ததா இருந்தா ஊசிச் சேட்டிபிக்கட்டோட போகலாம். 2022 செப்டம்பர்ல இருந்து விசர்நாய் நோய் கூடின நாடுகள்ல இருந்து விக்கிறதுக்கும் தத்துக் குடுக்கிறதுக்கும் நாய் கொண்டு போறத நிப்பாட்டிட்டாங்க. சொந்த நாய் வேற, அது வேற. "என்ர நாய் எண்டு சொல்லி இன்னொராளிட நாயக் கொண்டு போவமா" எண்டு ஒருத்தர் உள்பெட்டியில கேட்டிருந்தார். செய்யாதீங்க.

ஜனவரி 16

பொங்கல் வேலையில ரெண்டு நாள் வரேல்ல. டைட்டர் கதை.

ஒரு மில்லிலீற்றர் ரத்தநீர்ல குறைஞ்சது 0.5 அலகு காட்டணும், அதுக்குக் கீழ எண்டா பெயில். முதல் தரம் ஊசி போட்ட நாய்க்குச் சிலவேளை குறைவாத்தான் வரும், அதால ஒரு ஊசி போட்டு, டொக்டரோட கதைச்சு ஒரு பூஸ்டரும் போட்டு, மூண்டு நாலு கிழமை விட்டு ரத்தம் எடுக்கிறது நல்லம். ரத்தத்த மெசின்ல சுத்த வைச்சு, ரத்தநீரப் பிரிச்சு, குளிர்ல வைச்சு வெளிநாட்டில இருக்கிற அங்கீகரிச்ச லெப்புக்கு அனுப்பணும். மட்டக்களப்பில ரத்தம் எடுக்கலாம்தான், ஆனா இந்த வெயிலுக்குள்ள அத ஐஸ்ல வைச்சு கொழும்புக்கு பஸ்ஸில அனுப்பி, கூரியர்காரர் எப்ப எடுப்பாரெண்டு பாத்துக்கொண்டு நிக்க எனக்குத் துணிவு வரேல்ல. இன்னொரு மில்லி ரத்தம் எடுக்கலாம், போன நாளை எடுக்கேலாது. அதால நாயையே கூட்டிக்கொண்டு பேராதனைக்குப் போனம், மிருக வைத்திய பீடத்து ஆசுபத்திரிக்கு. நாட்டில மிருக வைத்தியம் படிப்பிக்கிற பீடம் அது ஒண்டுதான்.

வேன் பிடிச்சு செங்கலடி, மகாஓயா, மகியங்கனை வழியா. விடியச்சாமத்தில வெளிக்கிட்ட, மகாஓயாப் பக்கம் யானை நிக்கும் எண்டு டிரைவர் மெதுவாத்தான் ஓடினார். பிரவுணி மகியங்கனை மட்டும் நல்ல புள்ளையா தலையை யன்னல்ல வைச்சுக்கொண்டு வந்தது, பதினெட்டு வளைவு தொடங்கினதும் வாயால நுரை நுரையா வடிய, நாலாவது வளைவில என்ர மடி முழுக்கச் சத்தி. வெறும் வயித்தோட கூட்டிப் போங்க, இத எல்லாருக்கும் சொல்றன். தண்ணி மட்டும் அடிக்கடி கொஞ்சம் கொஞ்சமாக் குடுங்க.

ரிசல்ட் வர இழுபடும், அதுக்குப் பயப்படாதீங்க. நாள் எண்ணுறது ரிசல்ட் வந்த நாளில இருந்து இல்ல, ரத்தம் லெப்புக்குப் போன நாளில இருந்து. இன்னொண்டு, அந்த ரிசல்ட்டுக்கும் ஆயுள் இருக்கு, ரத்தம் எடுத்து 12 மாதம். அதாவது 180 நாள் முடிஞ்ச பிறகு 12 மாதம் முடிய முதல் நாய் போய்ச் சேரணும். அதுக்குள்ள விசா பிந்தினா, வீடு கிடைக்கல்லையெண்டா, திரும்ப ரத்தம். அதாலதான் போற திகதிய வைச்சு முன்னுக்கு எண்ணாம, நாய் மெல்பன்ல இறங்கிற திகதிய வைச்சுப் பின்னுக்கு எண்ணுங்க எண்டு எல்லாரிட்டயும் சொல்றன்.

ஜனவரி 17

ஒருத்தர் எழுதியிருக்கார்: "வெள்ளைக்காரன் எங்கட நாயக் கூட அகதி மாதிரித்தான் பாக்கிறான், அவன்ட நாட்டில இல்லாத நோயா."

அண்ணன், இத மட்டும் நான் ஒத்துக்கொள்ள மாட்டன். அவன்ட நாட்டில உண்மையாவே இல்ல, அதான் விசயம். அவுஸ்திரேலியாவில நாய்கள்ல விசர்நாய் நோய் இல்ல. வௌவால்ல அதுக்குச் சொந்தக்கார வைரஸ் ஒண்டு இருக்கு, 1996ல கண்டுபிடிச்சது, அதாலயும் ஆக்கள் செத்திருக்காங்க. ஆனா தெருவில நாய் கடிச்சா அங்க ஒரு தாய்க்கு வாற பயம் வேற, எங்கட தாய்க்கு வாற பயம் வேற.

எங்கட நாட்டில 1973ல மட்டும் 377 பேர் நீர்வெறுப்பு நோயால செத்திருக்காங்க. இப்ப வருசத்துக்கு இருபது முப்பது எண்ட அளவுக்குக் குறைஞ்சிருக்கெண்டா அது சும்மா குறையல்ல, சந்தி சந்தியா ஊசி போட்ட ஆக்களாலயும் ஆசுபத்திரியில கடிபட்ட ஆக்களுக்குப் போடுற ஊசியாலயும். எங்கட ஒழுங்கையில ஒரு தெருநாய் விசர் பிடிச்சு ரெண்டு பிள்ளைகளக் கடிச்சது. கடிச்ச நாய் செத்ததும் அதுட மண்டைய ஐஸ் போட்டுக் கட்டி பொரளையில இருக்கிற மருத்துவ ஆராய்ச்சி நிலையத்துக்கு அனுப்பின. ரிசல்ட் வாற மட்டும் அந்த வீட்டில அடுப்பு எரியல்ல. பிள்ளைகளுக்கு உடன சவக்காரம் போட்டுக் காயத்தக் கழுவி ஊசிக்குக் கொண்டு போனதால இண்டைக்கு நல்லா இருக்காங்க. அறிகுறி தொடங்கிச்செண்டா கிட்டத்தட்ட ஒருத்தரையும் காப்பாத்த ஏலாது, அது தெரியும்தானே.

இதக் கண்ட எனக்கு, ஒரு நாடு இந்த நோய உள்ள விடமாட்டன் எண்டு 180 நாள் எங்கள நிக்க வைக்கிறதில கோபமே வரேல்ல. எங்கட தீவையும் ஒரு நாள் அப்பிடி வைச்சிருக்கலாம் எண்டுதான் ஆசையா இருக்கு. நாலு பக்கமும் கடல்தானே எங்களுக்கும்.

ஜனவரி 17, இரவு

எங்கள மட்டும்தான் எண்டு நினைக்கிறதுக்கு இன்னொரு பதில். 2015ல ஹொலிவுட் நடிகர் ஜொனி டெப்பும் மனுசி ஆம்பர் ஹேர்டும் பிஸ்டல், பூ எண்டு ரெண்டு குட்டி நாயத் தனி ஜெட்ல சொல்லாம அவுஸ்திரேலியாவுக்குக் கொண்டு போய் இறக்கினாங்க. விவசாய அமைச்சர் பார்னபி ஜோய்ஸ் நாயத் திருப்பி அனுப்பு, இல்லாட்டி கருணைக் கொலைதான் எண்டு நாள் குறிச்சுச் சொல்லிட்டார். நாய் ரெண்டும் திரும்ப அமெரிக்கா போச்சு. அடுத்த வருசம் அந்த மனுசி கோட்டில பொய்க் கடதாசிக்குக் குற்றத்த ஒத்துக்கொண்டா, ரெண்டு பேரும் மன்னிப்புக் கேட்டு வீடியோவும் போட்டாங்க. அவ்வளவு காசும் பேரும் உள்ள ஆக்களுக்கும் அதே சட்டம்தான்.

ஜனவரி 20

உண்ணி. இத நான் முதலாவதா எழுதியிருக்கணும் எண்டு இப்ப யோசிக்கிறன், ஏனெண்டா காசு செலவழிக்க முதல் பாக்க வேண்டியது இதுதான்.

அவுஸ்திரேலியா போற நாய்க்கு எர்லிக்கியா கேனிஸ் எண்ட உண்ணிக் காய்ச்சல் கிருமிக்கு டெஸ்ட் இருக்கு, புறப்பட முதல் 45 நாளுக்குள்ள. அது ரத்தத்தில கிருமிக்கு எதிரா உடம்பு செய்த எதிர்ப்பைப் பாக்கிற டெஸ்ட். அதாவது ரெண்டு வருசத்துக்கு முந்தி காய்ச்சல் வந்து, மருந்து குடுத்துச் சுகமாகி, இண்டைக்குக் குதிச்சு விளையாடிற நாய்க்கும் பொசிட்டிவ் வரலாம். வந்தா நாய் போகேலாது. எங்கட பக்கத்து நாய்கள்ல உண்ணிக் காய்ச்சல் வராதது எத்தின?

அதால தங்கச்சி, சிப் போடுற அண்டைக்கே ஒரு கிளினிக்கில உண்ணிக் காய்ச்சல் டெஸ்டும் செய்து பாருங்க. சின்னக் கிட் ஒண்டில ரெண்டு சொட்டு ரத்தத்தில பாக்கிற வசதி இப்ப கன இடத்தில இருக்கு. அது அவங்க ஏத்துக்கொள்ளிற ரிப்போட் இல்ல, ஆனா உங்களுக்கு ஒரு வெளிச்சம் கிடைக்கும். பொசிட்டிவ் எண்டா டுபாய் டிக்கட் எடுக்க முதல் டொக்டரோட இருந்து கதையுங்க.

ஏன் இவ்வளவு பயம் எண்டா, 2020ல அந்தக் கிருமி மேற்கு அவுஸ்திரேலியாவில கிம்பர்லிப் பக்கம் முதல் தரம் நாய்கள்ல கண்டுபிடிச்சாங்க, மறுகா வடக்குப் பக்கமும் பரவிச்சு. அங்கத்தைய பழங்குடி ஊர்களில கன நாய் செத்தது. அந்த நாய்கள் அதுக்கு முந்தி அந்தக் கிருமியக் கண்டதே இல்ல.

பிரவுணிக்கு நாங்க ஒவ்வொரு நாளும் பின்னேரம் வாசல்ல சாக்கு விரிச்சுப் படுக்க வைச்சு உண்ணி பாப்பம். காது மடலுக்குள்ள, கழுத்துப் பட்டிக்குக் கீழ, கால் விரலுகளுக்கு இடையில, வால் அடியில. ரத்தம் குடிச்ச உண்ணி சாம்பல் நிறத்தில பருத்து இருக்கும், அது கண்ணுக்குத் தெரியும். தெரியாதது கடுகளவு குஞ்சு உண்ணிதான், மயிர எதிர்ப்பக்கமாத் தடவினாத்தான் ஆப்பிடும். நசுக்கக்கூடாது, தலையோட பிடிச்சு இழுத்து உப்புத் தண்ணிக்குள்ள போடுற. மாதாந்த உண்ணிக் குளிசை டொக்டர் சொன்னபடி, ஒரு மாதமும் பிந்தாம.

ஜனவரி 21

எர்லிக்கியாவோட லெய்ஷ்மேனியா, புருசெல்லா எண்ட வேற ரெண்டு நோய்க் கிருமிக்கும் டெஸ்ட் இருக்கு. உள்புழு மருந்து ரெண்டு தரம். இதெல்லாம் அங்கீகரிச்ச நாட்டில இருந்து புறப்படக்குள்ள செய்ற, இஞ்ச அலைய வேண்டாம்.

பூனைக்கு இந்த நாய்க் கிருமி டெஸ்டுகள் இல்ல, ஆனா சிப், ஊசி, டைட்டர், 180 நாள் எல்லாம் அதே.

ஜனவரி 23

கிளியையும் அவுஸ்திரேலியாவுக்குக் கொண்டு போகலாமா எண்டு கேட்ட ஏறாவூர்த் தாத்தாவுக்கு: ஏலாது தாத்தா. பறவையெண்டா அவுஸ்திரேலியா நியூசிலாந்தில இருந்து மட்டும்தான் எடுக்கும். அதோட எங்கட காட்டுக் கிளிகள்ல கனத்தக் கூட்டில வளக்கிறதே இஞ்சத்தைய சட்டத்தில பிழை, வெளிநாட்டுக்குக் கொண்டு போற கதையே வேண்டாம். முயலும் அப்பிடித்தான், குயின்ஸ்லாந்தில முயல் வீட்டில வளத்தாலே குற்றம்.

ஜனவரி 26

கூடு பழக்கிறது. இதில எனக்குச் சொல்ல நிறைய இருக்கு, ஏனெண்டா கடதாசி வேலை எங்களுக்கு, கூட்டுக்குள்ள இருக்கிற வேலை நாய்க்கு.

எங்கட ஊர் நாய் பிறந்ததில இருந்து கதவுக்கு வெளிய வளந்தது. வாவிக்கரை மட்டும் ஓடும், மீன்காரர்ட சைக்கிளுக்குப் பின்னால போகும், மத்தியானம் வேம்புக்குக் கீழ படுக்கும். அதப் புடிச்சு ஒரு பிளாஸ்டிக் பெட்டிக்குள்ள போட்டுப் பூட்டினா அது எங்கள நம்புமா? விமானக் கம்பனிகள் ஐயாட்டா எண்ட அவங்கட சர்வதேசச் சங்கத்திட விதிப்படி கூடு கேக்கும்: நாய் தலை முட்டாம எழும்பி நிக்கணும், சுத்தித் திரும்பணும், கால நீட்டிப் படுக்கணும், நாலு பக்கமும் காத்து வரணும், வெளிய இருந்து தண்ணி ஊத்தக்கூடியமாதிரிக் கோப்பை கதவில கொழுவியிருக்கணும். அளவெடுக்கக்குள்ள காது நிமித்தின உயரத்த எடுங்க, காது மடிஞ்ச உயரத்த இல்ல.

நாங்க கூட்டுக் கதவக் கழட்டி வைச்சிட்டு குசினி வாசல்ல வைச்சம். முதல்ல கூட்டுக்குப் பக்கத்தில சோறு. மறுகா வாசல்ல. மறுகா உள்ளுக்கு, ஆனா தலை மட்டும் போறமாதிரி. சூரை மீன் தலை அவிச்சுப் போட்ட அண்டைக்கு முழு உடம்பும் உள்ள போன, பின்னங்கால் ரெண்டும் மட்டும் ஓடத் தயாரா வெளிய. அம்மா பக்கத்தில கதிரையப் போட்டுக்கொண்டிருந்து "சாப்பிடு மகள், சாப்பிடு" எண்டு கதைச்சுக் கதைச்சுத்தான் அந்தப் பின்னங்கால் உள்ள போச்சு. மறுகா கதவப் பூட்டி, கொஞ்ச நேரம் சாத்தி, திறந்து, இன்னும் கொஞ்சம் கூடுதலா. கடைசிக் காலத்தில மத்தியான நித்திரைக்குத் தானாப் போய்ப் படுத்த.

அம்மாட பழஞ்சீலைத் துண்டு ஒண்ட உள்ள விரிச்சு விட்டம், அது டுபாய் மட்டும்தான். மெல்பனுக்குப் போறதுக்குள்ள விளையாட்டுச் சாமான், பிரியமான துணி ஒண்டும் வைக்காதீங்க, எடுத்து அழிச்சிடுவாங்க.

நித்திரைக் குளிசை குடுத்து அனுப்பலாமா எண்டு கேக்காத ஆளில்ல. குடுக்காதீங்க. உயரத்தில மூச்சும் ரத்த அழுத்தமும் மாறக்குள்ள மயக்க மருந்து ஆபத்து, கன கம்பனி மயக்கின நாய ஏத்தவே ஏத்தாது. மூக்குச் சப்பையான பக், புல்டோக் மாதிரி நாய்களையும் கன கம்பனி எடுக்கிற இல்ல.

ஜனவரி 28

டுபாய் வழியா போறது லேசு எண்டு நான் சொன்னதா ஒருத்தர் எழுதியிருக்கார். எங்களுக்கு மச்சான் அங்க இருந்ததால சரிவந்த, அவ்வளவுதான். அமீரகத்துக்கு நாய் போக அவங்கட அமைச்சிட தனி இறக்குமதி அனுமதி வேணும், சில சாதி நாய்களுக்கு அங்கயும் தடை. அவுஸ்திரேலியாவில பிட்புல், டோகோ அர்ஜென்டினோ, பிலா பிரசிலேரோ, ஜப்பான் டோசா, பிரேசா கனாரியோ ஆகிய சாதிகளுக்கு முழுத் தடை. டுபாயில ஆள் ஒருத்தர் மாதக்கணக்கா நாய வைச்சுப் பாக்கணும், அதுவும் அங்க அடுக்குமாடி வீட்டில இருக்கிற ஆக்கள் நாய் வைச்சிருக்க வீட்டுக்காரர் விடணும். வெயில் காலத்தில கல்ப் பக்கம் நாய ஏத்துறதுக்குக் கம்பனிகள் தடை போடும். மச்சாள் வேலைக்குப் போற, பின்னேரம் வந்துதான் நாய வெளிய கொண்டு போகலாம். அந்தப் பிள்ளை எங்களுக்காகப் பட்ட பாட்ட நான் வாழ்நாளில மறக்கமாட்டன். அப்பிடி ஒராள் இல்லாட்டி காசுக்கு வைச்சுப் பாக்கிற இடம்தான், அந்தச் செலவையும் முதல்லயே கணக்கில போடுங்க.

இஞ்ச இருந்து வெளிக்கிட கட்டுநாயக்கவில விலங்குத் தனிமைப்படுத்தல் அலுவலகத்தில சுகாதாரச் சேட்டிபிக்கட் எடுக்கணும், அது கால்நடை உற்பத்தி சுகாதாரத் திணைக்களத்துக்குக் கீழ வாறது. நாயையும் கொண்டு போகணும்.

பெப்ரவரி 2

"இந்தக் காசில ஒரு ஏழைப் பிள்ளைய ஒரு வருசம் படிப்பிக்கலாம்" எண்டு எழுதின ஐயாவுக்கு. படிப்பிக்கலாம் ஐயா. ஆனா அக்காட சின்ன மகன் மனுசரோட கதைக்கக் கஷ்டப்படுற பிள்ளை, பிரவுணியோடதான் கதைக்கிறவன். டொக்டர்மாரே நாயப் பிரிக்காதீங்க எண்டு சொன்னாங்க. ஒவ்வொரு வீட்டிலயும் ஒரு காரணம் இருக்கும். காரணம் இல்லாம ஆரும் இவ்வளவு அலையமாட்டாங்க.

ஆனா இதையும் சொல்லணும். எங்களிட்ட ரெண்டு நாய். பெரியவன் டொமிக்குப் 12 வயசு, இருதயம் பலவீனம், இடுப்பும் நோ. அக்கா அவனையும் கொண்டு போகத்தான் நிண்டா. பேராதனையில டொக்டரம்மா டொமியத் தடவிப் பாத்து, கடதாசி எல்லாம் சரிவரும், ஆனா இவர் அங்க போய்ச் சேருவாரா எண்டு யோசியுங்க எண்டு கேட்டா. ரெண்டு பிளேன், புது நாடு, மறுகா தெரியாத ஆக்களோட குவாரண்டைன். டொமி எங்களோட நிண்டிட்டான். அக்கா போக முதல் நாள் அவன்ட கழுத்தக் கட்டிக்கொண்டு இருந்தத நான் எழுதமாட்டன். ஆனா முடிவு சரி எண்டு இண்டைக்கும் நினைக்கிறன். வயசு போன நாய்க்கு அதுட முத்தமும் தெரிஞ்ச சோத்துக் கோப்பையும்தான் நாடு.

ஆனா விட்டிட்டுப் போறதெண்டா ஆளிட்ட குடுத்திட்டுப் போங்க. பூட்டின வீட்டு வாசல்ல விட்டிட்டுப் போன நாய்கள் எங்கட ஒழுங்கையில நிக்குது, சோறு வைக்கிற ஆக்கள் நாங்கதான்.

பெப்ரவரி 5

தயிர், கருவாடு அவுஸ்திரேலியாவுக்குக் கொண்டு போகலாமா எண்ட கேள்வி இதுக்குள்ள எப்பிடி வந்ததெண்டு தெரியல்ல, எண்டாலும் எழுதுறன். முட்டித் தயிர் கொண்டு போகாதீங்க. எங்கட மாடுகளுக்குக் காலிலயும் வாயிலயும் வாற கால்-வாய் நோய் அங்க இல்ல. 2022ல இந்தோனேசியாவில அது பரவினோடன அவுஸ்திரேலியா விமான நிலையத்தில ஆக்கள்ட சப்பாத்தையே மருந்துப் பாயில துடைக்க வைச்சாங்க. வயலுக்க, மாட்டுக் காலைக்க போட்ட செருப்பக் கழுவாமக் கொண்டு போகாதீங்க. கருவாட்ட, இறங்கக்குள்ள நிரப்பிற பயணிக் கார்டில எழுதிக் காட்டுங்க. பாத்துட்டு விட்டா விடுவாங்க, எடுத்தா எடுப்பாங்க, எழுதாம ஆப்பிட்டாத்தான் குற்றப்பணம்.

பெப்ரவரி 11

மிக்கில்ஹம் பத்தி. நாய் எந்த நகரத்துக்குப் போறதெண்டாலும் மெல்பன்லதான் இறங்கணும், விமானத்தில இருந்து நேரா மிக்கில்ஹம் எண்ட இடத்துக்கு அவங்கட ஆக்களே கொண்டு போவாங்க. அரசாங்கத்திட குவாரண்டைன் நிலையம், 2015ல திறந்தது, நாடு முழுக்க நாய் பூனைக்கு அது ஒண்டுதான். 2023 மார்ச்சில இருந்து புது விதி: டைட்டர் ரத்தம் எடுக்க முதலே நாயிட சிப்ப அரசாங்க மிருக டொக்டர் பாத்து உறுதிப்படுத்தியிருந்தா குறைஞ்சது 10 நாள், இல்லாட்டி 30 நாள். எங்கள மாதிரிப் பாதையால போற ஆக்கள் 30 எண்டே மனத வைச்சுக்கொள்ளுங்க. இடம் முன்கூட்டியே புக் பண்ணணும், இறக்குமதி அனுமதி வந்த பிறகுதான் புக் பண்ண விடுவாங்க, அனுமதி வர மாதக்கணக்கு எடுக்கும்.

போய்ப் பாக்க விடமாட்டாங்க. அக்கா மெல்பன்லயே இருந்தும் போகேல்ல. சாப்பாடு குடுக்கிறாங்க, டொக்டர் இருக்கார், உண்ணி ஒண்டு கண்டாலும் உடன மருந்து அடிச்சு நாளக் கூட்டுவாங்க. அதாலதான் உண்ணிக்கு இவ்வளவு எழுதின.

பிரவுணி மெலிஞ்சுதான் வெளிய வந்தாள், குரலும் அடைச்சிருந்த. குலைச்சுக் குலைச்சு அப்பிடி ஆகும் எண்டு அங்க உள்ள டொக்டர் சொன்னாராம். ரெண்டு கிழமையில சரியாச்சு.

பெப்ரவரி 12

தங்கச்சி, நீங்க எழுதினதப் பாத்தன். உண்ணிக் காய்ச்சல் டெஸ்ட் நெகட்டிவ் எண்டது பெரிய சந்தோசம், எங்கட அம்மாவுக்கும் சொன்னன். ஏஜென்ட்ட காச குடுக்காம விட்டதும் நல்லம்.

உங்கட திகதிக்கு நான் இப்பிடித்தான் பாக்கிறன்: நீங்க நாலு பேரும் விசா வந்த உடன போங்க, நாய் உங்கட மாமியோட நிக்கட்டும். இந்த மாதம் சிப்பும் ஊசியும், அடுத்த மாதம் பூஸ்டர், ஏப்ரல் கடைசியில ரத்தம். மகளுக்கு இந்த வருசக் கடைசிக்கு முதல் நாய் வராது எண்டத இப்பவே சொல்லிடுங்க. "கெதியில வரும்" எண்டு சொல்லாதீங்க, பிள்ளை ஒவ்வொரு கிழமையும் கேக்கும். கலண்டர்ல 180 நாளையும் குறிச்சுக் குடுத்தா அதே வெட்டிக்கொண்டு வரும்.

மூண்டாம் நாட்டுக்கு சிங்கப்பூரில உங்கட தம்பி இருக்கிறார் எண்டீங்களே, அவர்ட வீட்டில நாய் வைச்சிருக்க விடுவாங்களா எண்டு இந்தக் கிழமையே கேளுங்க, அது தெரியாம ரத்தம் எடுக்க வேண்டாம். சிப் போட்ட உடன ஸ்டிக்கரையும் சேட்டிபிக்கட்டையும் பக்கத்தில வைச்சுப் போட்டோ எடுத்து எனக்கு உள்பெட்டியில அனுப்புங்க, இதில பொதுவாப் போடாதீங்க. 15 இலக்கத்தையும் ஒத்துப் பாத்துச் சொல்றன்.